வேலை கிடைத்தால் வழி திறக்கும்



நமது பொம்மனஹள்ளி ஓசூர் சாலையில் இருக்கிறது. காலையில் பெண்களும் ஆண்களும் தூக்குச் சட்டியுடன் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறார்கள். அதே சாலைப் பக்கம், சற்றுத் தள்ளி, பரப்பன அக்ரஹாரம் மத்திய சிறை இருக்கிறது. தவறு செய்த ஒருவர் திருந்தி ஆலைக்குப் போவாரா, சிறைக்குப் போவாரா? அது நம் கையிலும் இருக்கிறது.

இருபது வயதுப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். கடையில் திருடி முதல் தடவை பிடிபட்டான். நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்றது. ஆனால் சிறைக்கு அனுப்பவில்லை. நன்னடத்தைக்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியது.

இதற்கு வழி செய்வது 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். பத்திரத்தின் காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. கண்காணிப்பு வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டால், நன்னடத்தை அலுவலர் அவனைக் கவனித்து வருவார்.

இது பரோல் அல்ல. சிறையில் இருப்பவர் சில நாள் வெளியே வந்து, மறுபடி சிறைக்குத் திரும்புவதே பரோல்.

பையன் வேலை தேடுகிறான். "கேஸ் உள்ளவனா? வேண்டாம்" என்கிறார்கள். கையில் காசு இல்லை. பழைய கூட்டாளிகள் வாசலில் நிற்கிறார்கள். பத்திரத்தை மீறினால், பழைய குற்றத்துக்கே தண்டனை கிடைக்கலாம்.

இங்கேதான் சட்டம் கை கொடுக்கிறது. தேவைப்பட்டால் அவனுக்குத் தகுந்த வேலை தேடித்தர முயல வேண்டும் என்று 14-ஆம் பிரிவு அலுவலருக்குச் சொல்கிறது. இது தயவு அல்ல, அவருடைய கடமை. ஆகவே கூச்சப்படாமல் அவரிடம் கேட்க வேண்டும். குற்றத் தீர்ப்பினால் வேறு சட்டப்படி வரும் தகுதியிழப்பு இவர்களுக்கு வராது என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் குற்றம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. எந்த முதலாளியும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்றும் ஆகாது. வேலை கேட்கும் இடத்தில் பொய் சொல்லாமல் இருப்பதே நல்லது.

கண்காணிப்பு உத்தரவின் நகல் ஒன்றைப் பையனுக்குத் தர வேண்டும். நிபந்தனைகளை நீதிமன்றம் விளக்கவும் வேண்டும். படிக்காமல் கைநாட்டு வைக்காதீர்கள். எங்கே தங்க வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று எழுத்துக்கூட்டியாவது படியுங்கள். வெளியூரில் வேலை கிடைத்தால், போகும் முன்பே அலுவலரிடம் சொல்லுங்கள். நிபந்தனையை மாற்றும்படி அவர் நீதிமன்றத்தைக் கேட்க முடியும். சட்டத்தில் சந்தேகம் வந்தால், இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது.

பட்டறை வைத்திருப்பவர்களே, மேஸ்திரிகளே! ஒரு மாதம் வேலை கொடுத்துப் பாருங்கள். வேலை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வையுங்கள். கூலியைக் குறைக்காதீர்கள். ஏதாவது காணாமல் போனால், விசாரிக்காமல் அவன் மேல் பழி போடாதீர்கள்.

நீதிமன்றம் அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. தெருவும் கொடுத்தால்தான் அந்த வாய்ப்பு நிலைக்கும். அவன் தாய் நிம்மதியாகத் தூங்குவாள். நம் கடைக்கும் பயமில்லை.