மோட்டார்ப் பித்தர் மூவர்



கலியாண வீட்டிலே பந்தி முடிந்து, மேளகாரரும் விடைபெற்றுச் சென்றபின், ஆண்கள் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு முற்றத்துப் பந்தலிலே கூடுவது எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கம். அரசியல் பேசுவோர் ஒருபுறம், காணி வழக்குப் பேசுவோர் மற்றொருபுறம் என அக்கூட்டம் தானாகவே பிரிந்துகொள்ளும். சென்ற ஆவணி மாதம் உறவினர் வீடொன்றில் நான் மூன்றாவது கூட்டம் ஒன்றிலே போய் அகப்பட்டேன். அது மோட்டார்க் கார் பேசுவோர் கூட்டம்.

நானோ வரலாறும் தமிழும் கற்ற கலைப் பட்டதாரி. காரின் முன்மூடியைத் திறந்தால், தண்ணீர் ஊற்றும் இடம் ஒன்றைத் தவிர வேறெதனையும் இன்னதென்று சொல்ல அறியேன். எனினும் அன்றிரவு ஒரு மணிவரை அவ்விடத்தை விட்டு எழ மனம் வரவில்லை. பேசியவர் மூவர். முதல்வர் என் தாய்மாமன், வயது எண்பத்திரண்டு, 1963 ஆம் ஆண்டு கணக்கியல் கற்க இலண்டன் சென்று அங்கேயே தங்கிவிட்டவர். இரண்டாமவர் எங்கள் ஊரிலே ஐம்பது ஆண்டுகளாகக் கராச் நடத்திவரும் அண்ணர். மூன்றாமவன் என் பழைய மாணவன். இருபத்தைந்து வயது இளைஞன். அவனுடைய கார் ஒழுங்கையிலே நின்றது. எண்பதுகளிலே வெளிவந்த, பெட்டி போன்ற லான்சர் கார். அதன் அடிப்பாகம் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரமும் இல்லாதபடி தாழ்த்தப்பட்டிருந்தது. பின்புறத்திலே விமானச் சிறகு போன்ற ஒரு பலகை. அடியிலே நீல ஒளி. அவன் வந்து சேர்ந்தபோது எழுந்த ஓசையைக் கேட்டு, யாரோ வெடி கொளுத்துகிறார்கள் என்று மணப்பெண்ணின் பாட்டியார் காதைப் பொத்திக்கொண்டார்.

பழைய கார்களை நினைவு கூர்வோர் முதலில் நினைவு கூர்வது உருவத்தையன்று, ஓசையையே என்பதை அன்று கவனித்தேன். எனக்கும் அவ்வாறே. என் தந்தையாரிடம் ஓர் ஒஸ்ரின் ஏ 40 இருந்தது. 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட சொமசெற் வகை. 1200 சீசீ எஞ்சின், நாற்பத்திரண்டு குதிரை வலு. அது சந்தி திரும்பும்போதே அம்மா அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். அதன் மூக்கிலே சிறகு விரித்த ஆங்கில எழுத்து ‘ஏ’ ஒன்று வெள்ளியாய் மின்னும். அதனைத் துடைத்துப் பளபளப்பாக்குவது எனக்கு இடப்பட்ட பணி. காருக்கு அணி செய்யும் ஆசையை அறியாதவன் நான் என்று எவரும் எண்ணவேண்டாம்.

அன்றியும், காரை வெட்டி ஒட்டும் பழக்கத்தைக் கராச்சுக்காரர்தாம் தொடக்கினர் என்று கொள்வதும் பிழை. 1948 ஆம் ஆண்டு வெளிவந்த மொறிஸ் மைனர் காரின் முன்மூடியைப் பாருங்கள். அதன் நடுவே நீளவாக்கில் அகன்ற பட்டை ஒன்று மேலெழுந்து ஓடும். அதனை அமைத்த அலெக் இசிகோனிஸ் என்பார், உற்பத்தி தொடங்கும் தறுவாயில் வண்டி ஒடுங்கியிருப்பதாகக் கருதி, மாதிரி வண்டியை நடுவே பிளந்து நான்கு அங்குலம் அகட்டினார். அந்த நான்கு அங்குலமே அப்பட்டை. இதனைக் கராச் அண்ணர் சொல்லியபோது, தம் தொழிலின் முன்னோர் ஒருவரைப் பற்றிப் பேசுவது போன்ற பெருமிதம் அவர் முகத்திலே தெரிந்தது.

மாமாவின் காதற் கதை மினிக் கார். அதுவும் இசிகோனிசின் படைப்பே. 1959 ஆவணியிலே வெளிவந்தது. பத்தடி நீளம், எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்ப் பெட்டியை அதன் அடியிலே அடக்கி, நால்வர் இருக்க இடங்கண்டது அவர் திறமை. எளிய குடும்பங்களுக்கென்று செய்யப்பட்ட சிக்கன வண்டி அது. ஆனால் பந்தயக் கார்கள் கட்டிய ஜோன் கூப்பர் அதன் வளைவு திரும்பும் ஆற்றலைக் கண்டார். 1961 இல் மினி கூப்பர் பிறந்தது. முப்பத்துநான்கு குதிரை வலு ஐம்பத்தைந்தாயிற்று. அதனோடு கூப்பர் இன்னொன்றையும் கேட்டு வாங்கினார்: முன்சில்லுகளுக்கு ட்றம் பிறேக்கிற்குப் பதிலாக டிஸ்க் பிறேக். இதனை நேயர்கள் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

1964 ஆம் ஆண்டு மொன்ரி கார்லோ பந்தயத்திலே பெரிய கார்களையெல்லாம் இச்சிறுவண்டி வென்றது. 1966 இல் முதல் மூன்று இடங்களையும் மினிகளே பெற்றும், முன்விளக்குகளின் மின்குமிழ்கள் விதிக்கு அமைந்தனவல்ல என்று சொல்லி நடுவர்கள் அவற்றை விலக்கிவிட்டார்கள். அறுபதாண்டுகள் சென்றும் மாமா அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுகையில், காணி வழக்கிலே தோற்றவர் போலவே பேசினார். அடுத்த ஆண்டு மினி மீண்டும் வென்றதைச் சொன்ன பின்னரே அவர் குரல் தணிந்தது.

இவ்வெற்றிகளால் இலண்டன் இளைஞரிடையே ஒரு தொற்று நோய் பரவியது. பந்தயக் கார் வாங்க வசதியில்லாதவன் தன் சாதாரண மினியைப் பந்தயக் கார்போல் ஆக்க முனைந்தான். செல்வர்களோ வேறு வழியிலே சென்றார்கள். நடிகர் பீற்றர் செல்லர்ஸ் தம் மினியின் பக்கங்களிலே பிரம்புப் பின்னல்போல வர்ணம் தீட்டுவித்தார். மாமா 1966 இல் ஒரு பழைய மினியை வாங்கினார். இரட்டைக் காபரேற்றர், நேர்க்குழாய்ச் சைலன்சர், அகன்ற சில்லுகள், முன்மூடியிலே இரண்டு வெள்ளைக் கோடுகள், தோல் சுற்றிய சிறு சுக்கான், முன்னே வரிசையாக நான்கு விளக்குகள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிவர, கலியாணச் சீரை ஒப்புவிப்பதுபோல இருந்தது. அக்காலத்திலே அவர் வீட்டுக்கு அனுப்பிய பணம் குறைந்து போனதை என் தாயார் இறுதிவரை மறக்கவில்லை என்பது வேறு கதை.

இங்கே நம் நாட்டிலும் இப்பித்து புதியதன்று. நுவரெலியாவுக்கு அருகே மகாகஸ்தொட்டை மலையேற்றப் பந்தயம் 1934 லேயே தொடங்கிவிட்டது. 1977 இன் பின் இறக்குமதி தளர்ந்ததும் யப்பானியக் கார்கள் வந்து குவிந்தன. லான்சர் அவற்றுட் சிறப்புப் பெற்றதற்குக் காரணம் உண்டு. கென்யாவின் ஜோகிந்தர் சிங் 1974 இலும் 1976 இலும் சவாரிப் பந்தயங்களிலே கடியதான கிழக்காபிரிக்க ‘சபாரி’யை லான்சரிலேயே வென்றார்.

ஆனால் யாழ்ப்பாணத்திலே எங்களுக்கு வாய்த்த மாற்றம் வேறு விதமானது. 1990 இன் பின் பெற்றோல் குடாநாட்டிற்கு வருவது நின்றுபோயிற்று. புதிய யப்பானியக் கார்கள் ஓலைக் கொட்டில்களிலே உறங்க, பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயிலே ஓடின. இதன் நியாயத்தை அண்ணர் எனக்கு விளக்கினார். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அழுத்தம் மிகுந்த எஞ்சினிலே முறையின்றி வெடித்து உலோகத்தைத் தட்டும். பழைய ஒஸ்ரினின் எஞ்சின் கலவையை அழுத்துவது ஏறத்தாழ ஏழு மடங்கே. ஆதலின் அது பொறுத்துக்கொண்டது. ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டுக் கிளப்பவேண்டும். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். புகை வீட்டுக் கூரைவரை எழும். பிளக்குகளிலே கரி படியும். அடிக்கடி கழற்றித் துடைக்கவேண்டும். 1992 மாரியிலே, எங்கள் தந்தையாரின் அதே ஒஸ்ரினில், பிரசவ வேதனையிலிருந்த ஒரு பெண்ணை ஏழு மைல் கொண்டுசென்றார் அண்ணர். வழியிலே இருமுறை பிளக்குத் துடைத்ததாகச் சொன்னார். அப்பிள்ளை இன்று கனடாவிலே மருத்துவத் தாதி.

இளைஞன் இவற்றையெல்லாம் கண்கொட்டாமற் கேட்டான். பின் தன் காரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அந்தச் சிறகு எதற்கு என்று நான் கேட்டேன். வேகத்திலே காற்று காரை நிலத்தோடு அமுக்கும் என்றான். அது பொய்யன்று. ஆனால் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறுவது என்பதை எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் பின்னர் எனக்கு விளக்கினார். மணிக்கு 160 கிலோமீற்றரில் உள்ள விசையில் பதினாறில் ஒரு பங்கே 40 கிலோமீற்றரில் இருக்கும். எங்கள் ஒழுங்கைகளிலே அச்சிறகு காகம் இருப்பதற்கே பயன்படும்.

இதனாற் காருக்கு அணி செய்வதை நான் வெறுக்கிறேன் என்பதில்லை. எங்கள் பாட்டன்மார் சவாரி மாடுகளுக்குச் சலங்கை கட்டினார்கள். கொம்புக்கு வர்ணம் பூசினார்கள். சலங்கையாலே மாடு விரைந்து ஓடியதா? 2025 இன் தொடக்கத்திலே பேருந்துகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த மிகையான அணிகளைப் பொலிசார் கழற்றுவித்தபோது, கண்ணை மறைக்கும் பொருள்களும் பாதசாரியைக் கிழிக்கும் கம்பிகளும் போனது நன்றென்றே கருதினேன். ஆனால் ஒரு சாரதி தன் வண்டியிலே ஒட்டியிருந்த பூமாலைப் படத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றதைக் கண்டு வருந்தவுஞ் செய்தேன்.

பேச்சு 2024 சித்திரையிலே தியத்தலாவையில் நிகழ்ந்த விபத்துக்குத் திரும்பிற்று. பந்தயக் கார் ஒன்று தடம் விலகிப் பார்வையாளர் நின்ற பக்கம் பாய்ந்ததால், எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் மாண்ட செய்தி நேயர்களுக்கு நினைவிருக்கும். தான் அன்று அங்கே போக இருந்ததாக இளைஞன் சொன்னான். அதன்பின் சற்று நேரம் எவரும் பேசவில்லை.

மாமாதான் பேசினார். 1968 கார்த்திகை மாதம், இரவு, மழைத் தூறல். இலண்டனுக்கு வெளியே ஒரு நாட்டுப்புறத் தெரு. பக்கத்திலே எங்கள் ஊரவரான நண்பர் ஒருவர் இருந்தார். வண்டியின் வலுவை மாமா ஏறக்குறைய இரட்டித்திருந்தார். பிறேக் மட்டும் பழைய ட்றம் பிறேக். பணம் போதாமையாலன்று; அது வெளியே தெரியாத பொருள் என்பதனால்.

“நாலு லைற்றும் எரிஞ்சது, தம்பி. வளைவு பகல் மாதிரித் தெரிஞ்சது. நிப்பாட்டத்தான் ஏலாமல் போச்சு” என்றார்.

மாமாவுக்குச் சிராய்ப்பு மாத்திரமே. நண்பர் அதன்பின் எழுந்து நடக்கவில்லை. நாற்பத்துமூன்று ஆண்டுகள் சக்கர நாற்காலியில் இருந்து 2011 இல் காலமானார். அதுவரை ஞாயிறுதோறும் மாமா அவரிடம் சென்றுவந்தார் என்பதை நாங்கள் அறிவோம்; நட்பின் பெருமை என்று கருதி, எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நான் அதனை எடுத்துக்காட்டாகவும் சொல்லியிருக்கிறேன். காரணத்தை அன்றுதான் அறிந்தேன்.

கராச் அண்ணர் இளைஞன் பக்கம் திரும்பினார். “எஞ்சின் மாத்தினனி எண்டாய். பிறேக்குக்கு என்ன செய்தனி?”

“அது பழசுதான், அண்ணை.”

“ஸ்பிறிங்?”

“ஒரு சுற்று வெட்டினது.”

அண்ணர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பந்தலிலே தொங்கிய கைவிளக்கை எடுத்தார். இருவரும் ஒழுங்கைக்குப் போனார்கள். மாமா தம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னே சென்றார்.

மறுநாட் காலை பாடசாலைக்குப் போகும் வழியிலே அக்காரைக் கண்டேன். சிறகு அப்படியே இருந்தது. நீல ஒளிக்குழாயும் இருந்தது. சில்லுகள் மட்டும் இல்லை. கராச்சின் முன்னே நான்கு பனங்குற்றிகளின்மேல் அது நின்றது.