‘பாம்பு பிடிச்சுக் காட்டு!’: இருளர்னு நிரூபிக்கிறது எப்படி?

ஈசிஆர்ல பாண்டிச்சேரி போற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு மரக்காணம்னா உப்பளத்துல ஒரு போட்டோ. அனுமந்தைன்னா டோல்கேட், ஃபாஸ்டேக் பீப், அவ்ளோதான். நானும் பல வருஷம் அப்படித்தான் போயிட்டு வந்தேன். ரோட்டுக்கு மேற்கால கழுவெளின்னு பெரிய சதுப்பு நிலம் இருக்கு. 2021ல அதைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. பறவைக்குக் கிடைச்ச அந்தஸ்து அந்த வட்டாரத்து இருளர் பிள்ளைக்கு ஒரு காகிதமா கிடைக்கிறதுல என்ன சிக்கல்? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன்.

அந்தக் காகிதம் எஸ்.டி. சாதிச் சான்றிதழ். இதை தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தரணும், விசாரணை நடக்கும். அந்த விசாரணையில ‘பாம்பு பிடிக்கத் தெரியுமா? எலி பிடிப்பியா?’ன்னு கேக்கிறாங்கன்னு இருளர் அமைப்புகள் பல வருஷமா புகார் சொல்றாங்க. பன்னிரண்டாவது முடிச்சு காலேஜுக்கு அப்ளை பண்ற பிள்ளைகிட்ட கேக்கிற கேள்வியா இது?

சரி, பிடிக்கிறாங்கன்னே வைங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாம பாம்பு பிடிச்சா குற்றம். இந்தச் சட்டமும், பின்னாடி வந்த பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும்தான் அவங்க பழைய தொழிலை முடிச்சு வெச்சது. அப்புறம் 1978ல ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்துச்சு. லைசென்ஸோட பிடிச்சு, விஷம் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டுல விட்டுடுவாங்க. அங்கேருந்து வந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017ல ஃபுளோரிடா போய் மலைப்பாம்பு பிடிச்சுக் கொடுத்தாங்க, 2023ல பத்மஸ்ரீ வாங்கினாங்க. பெருமைதான். ஆனா இருளர் எல்லாரும் பாம்பாட்டி இல்லையே! செங்கல் சூளை, மரம் வெட்டுறதுன்னு அட்வான்ஸ் கடன்ல கொத்தடிமையா மாட்டினவங்க எத்தனையோ பேர். பழவேற்காட்டுல, பிச்சாவரத்துல கழிமுகத் தண்ணில இறங்கி, வலையில்லாம கையாலேயே சேத்தைத் தடவி இறால் பிடிக்கிறவங்க இருக்காங்க. ரெண்டு கையும் தண்ணிக்குள்ள இருக்கிறதால, ஓலையில பின்னின பறியைப் பல்லால கடிச்சுப் பிடிச்சுக்குவாங்க.

அடுத்து மொழி. நீலகிரி, அட்டப்பாடிப் பக்கம் இருளர்களுக்குத் தனி மொழி இருக்கு. தமிழுக்கு நெருக்கமான திராவிட மொழி. செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் 1973ல அதைப் பத்திப் புத்தகமே போட்டார். இங்க சமவெளியில இருக்கிறவங்க பேசுறது தமிழ். அதனால ‘உங்க பாஷையில பேசு’ன்னு கேட்டா அந்தப் பிள்ளை என்ன பண்ணும்? நம்ம தாத்தா பேசின தமிழ் நமக்கே பாதி வராது, நம்மள யாரும் ‘நீ தமிழனே இல்ல’ன்னு சொல்றதில்ல.

இதோட வேர் எங்கேன்னு தேடினா 1965 லோக்கூர் கமிட்டி வந்து நிக்குது. பழங்குடின்னா ஆதிகாலத் தன்மை, தனிப் பண்பாடு, ஒதுங்கின இடம், வெளியார்கிட்ட பழகக் கூச்சம், பின்தங்கிய நிலைன்னு அஞ்சு அளவுகோல். கூச்சம்! படிச்சப்ப கடுப்பாயிடுச்சு. அதுவும் இது ஒரு சமூகத்தைப் பட்டியல்ல சேர்க்கிறதுக்கான கண்டிஷன். இருளர் பட்டியல்ல எப்பவோ இருக்காங்க, அதுவும் மிகவும் நலிவுற்ற பழங்குடியா. சிஸ்டத்துல ஏற்கெனவே இருக்கிற யூசர்கிட்ட ‘நீ கூச்சப்படு, பார்த்துட்டு லாகின் தரேன்’னு சொல்ற மாதிரி இருக்கு. எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு கோட் எழுதினா ரிவ்யூலயே தூக்கிடுவாங்க.

பரீட்சை வைக்காம அவங்க வாழ்க்கையைப் பாக்கணும்னா மாசி மகத்துக்கு மகாபலிபுரம் கடற்கரைக்குப் போங்க. பல மாவட்டத்துலேருந்து குடும்பம் குடும்பமா வந்து, புடவையாலேயே கூடாரம் கட்டித் தங்குவாங்க. அவங்க குலதெய்வம் கன்னியம்மா கோவிச்சுக்கிட்டுக் கடலுக்குள்ள போயிட்டாளாம். அவளைச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வரத்தான் இந்தப் பயணம். விடியற்காலையில ஈர மணல்ல ஏழு படி கட்டி, கன்னிமாருக்குப் பூவும் பழமும் வெச்சுக் கும்பிடுவாங்க. கல்யாணம், பிள்ளைக்கு மொட்டை, காதுகுத்து எல்லாம் அந்த மணல்லயே நடக்கும். மண்டபம் கிடையாது, பத்திரிகை கிடையாது. கொஞ்ச நேரத்துல அலை வந்து படியைக் கொண்டு போயிடும், அடுத்த வருஷம் மறுபடி கட்டுவாங்க.

பௌர்ணமியை ஒட்டி, பிப்ரவரி இல்ல மார்ச் வாக்குல வரும். போனீங்கன்னா கேட்டுட்டு போட்டோ எடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.