விழுவதை உணரும் பொறியும் எழுப்பும் கையும்



நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செல்ல வேண்டும். வல்வில் ஓரி ஆண்ட அம்மலையின் பாவையை நற்றிணையும் குறுந்தொகையும் பேசுகின்றன. பகைவர் வருகையைத் தானே உணர்ந்து, நகைத்தே அவரை மாய்த்த பாவை அது என்பது வழிவழிக் கதை. ஆகவே, உணரும் பொறி என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. அக்கதைப் பாவை கொல்வதற்காக உணர்ந்தது. இன்றைய பொறியொன்று காப்பதற்காக உணர்கிறது. முதியோரும் உடற்குறை உடையோரும் கீழே விழுவதை அறிவிக்கும் கருவியே அது.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. விழுவதால் வரும் கேடு ஒன்று. எழ இயலாது தரையிலேயே கிடப்பதால் வரும் கேடு மற்றொன்று. மணிக்கணக்கில் கிடந்தால் உடலில் நீர் குறையும். அழுந்திய இடத்தில் புண் தோன்றும். தசை சிதைந்து சிறுநீரகமும் பழுதுறக்கூடும். கருவி தடுக்க முயல்வது இந்த இரண்டாம் கேட்டினையே.

கைக்கடிகாரமாகவோ கழுத்துப் பதக்கமாகவோ அணியும் கருவியில் முடுக்கமானியும் சுழல்மானியும் உள்ளன. விரைந்து சரிதல், தரையில் மோதுதல், பின்னர் அசைவின்மை ஆகிய மூன்றும் தொடர்ந்து நிகழ்ந்தால் அது விழுதல் எனக் கருவி கொள்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2018இல் தன் கைக்கடிகாரத்தில் இவ்வசதியைச் சேர்த்தது. சுவரில் பொருத்தும் ரேடார் கருவிகளும் உண்டு. அவை படம் பிடிப்பதில்லை. ஆதலால் குளியலறையிலும் முதியவரின் மானம் காக்கப்படும்.

எனினும் கருவிக்கு எல்லை உண்டு. படுக்கையில் பொத்தென்று அமர்ந்தாலும் சிலவேளை அது கூவும். மெல்லச் சரிந்து விழுந்தால் அறியாமலும் போகும். மலைமடிப்பில் கைபேசி அலை எட்டாத வீட்டில் அதன் கூவல் வெளியே செல்லாது. சென்றாலும், சென்னையில் இருக்கும் மகன் 70 வளைவுகளை எப்போது ஏறிமுடிப்பான்? ஆகவே கருவியில் முதலாவதாகப் பதிய வேண்டியது, வீட்டுத் திறவுகோல் வைத்திருக்கும் அண்டைவீட்டாரின் எண். மகனின் எண் அதற்கு அடுத்ததாகலாம். வந்தவர் உடனே அழைக்க 108 இருக்கிறது. முதியோர்க்கென 14567 என்னும் உதவி எண்ணும் உண்டு.

பிற உயிர்க்கு ஊறு நேராவண்ணம் நிலம் நோக்கி நடப்பதை ஈரியா சமிதி என்றனர் அறவோர். அந்நடை நடப்பவரையும் காக்கும். வைகறையில் நீராடி வழிபாட்டிற்குச் செல்லும் முதியவருக்கு உலர்ந்த தரையும், பிடிமானக் கம்பியும், போதிய விளக்கும் அமைத்துத் தருவது இல்லத்தார் கடன்.

நோயுற்ற துறவியர்க்கும் மூத்தோர்க்கும் தொண்டாற்றும் வையாவிருத்தியம், ஆறு அகத்தவங்களுள் ஒன்று. அது துறவியர் தவமாயினும் இல்லறத்தார்க்கும் வழிகாட்டும். பொறி விழுந்தவரை அறிவிக்கும். அவரைத் தூக்கி நிறுத்த மனிதக் கை வேண்டும். ஆதலால் ஒவ்வோர் ஊரிலும், தனித்து வாழும் முதியவர் ஒருவருக்கு அழைத்தவுடன் வரக்கூடிய மூவர் என்னும் பட்டியலை, இவ்விழா முடியுமுன் எழுதி முடியுங்கள்.