மல்லியா, முல்லையா? நாற்று வாங்கும்முன் இலையைப் பாருங்க

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பூச்செடி வைத்திருக்கும் குழுக்கள் சார்பில் பேசியது)



பூச்செடி வைக்க உள்கடன் கேட்கிறவர்களிடம் என்ன செடி என்று கேட்டால், "மல்லிதான்" என்கிறார்கள். எந்த மல்லி என்று கேட்டால் சிரிக்கிறார்கள். சிரிக்கிற விஷயம் இல்லைங்க. நட்ட செடி பத்து, பன்னிரண்டு வருஷம் நிலத்தில் நிற்கும். தவணை மாசா மாசம் வரும்.

பூ பூத்தபிறகு எது எது என்று யாருக்கும் தெரியும். நாற்று வாங்கும்போது பூ இருக்காது. அதனால் இலையைப் பார்க்கப் பழகணும்.

குண்டுமல்லிக்குக் கணுவுக்குக் கணு எதிரெதிராகத் தனி இலை. அகலமாக, வழவழப்பாக இருக்கும். முல்லைக்கு ஒரு காம்பில் மூன்று இலை. நடு இலை பெரிசு, அடியில் இரண்டு பக்கமும் காது வைத்தமாதிரி குட்டி இலை. சில காம்பில் அந்தக் காது இருக்காது, நாலு காம்பைப் புரட்டிப் பாருங்க. பிச்சிப்பூ என்கிற ஜாதிமல்லிக்கு ஒரே ஈர்க்கில் ஏழு, ஒன்பது சின்ன இலைகள். மொட்டின் வெளிப்பக்கம் இளஞ்சிவப்பு ஓடும். காக்கடாவுக்கும் குண்டுமல்லி மாதிரி தனி இலைதான். இங்கேதான் ஏமாறுகிறோம். விரலால் தடவினால் காக்கடா இலையில் மெல்லிய சுணை தட்டும்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா, மல்லி என்று சொல்லி ஒரு வியாபாரி விற்ற நாற்றை நம்பி நட்டார். பூத்தது, வாசம் இல்லை. காக்கடா! மூன்று தவணை கட்டி முடித்தபிறகுதான் தெரிந்தது. அவர் அதைப் பிடுங்கிப் போடவில்லை. மல்லி ஓய்ந்த நாளில் மாலை கட்டுகிறவர்கள் காக்கடாவைத் தேடி வருகிறார்கள், விலைதான் குறைவு.

குண்டுமல்லி நாற்றுக்கு ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் போகிறவர்கள் உண்டு. அந்த மணலில் வேர் நன்றாகப் பிடிக்கும். தனித்தனியாகப் போகாமல் நாலு குழு சேர்ந்து வாங்கினால் வண்டிவாடகை மிச்சம். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக எங்கே வைத்தாலும் மதுரை மல்லி ஆகிவிடாது, பெயரைச் சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் யோசியுங்கள்.

நடுவதற்கு ஜூனிலிருந்து நவம்பர் வரை ஏற்ற காலம். ஒரு அடிக் குழி, குழிக்குப் பத்து கிலோ மக்கிய தொழு உரம். குண்டுமல்லிக்கு நாலு அடி இடைவெளி, முல்லைக்கு அஞ்சு அடி. பிச்சி படர்ந்து போகும், இன்னும் தள்ளி வைக்கணும். தண்ணீர் தேங்கும் இடம் எந்த மல்லிக்கும் ஆகாது. கொழுந்து இலை நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மற்ற இடம் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு. அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கலந்து தெளியுங்கள். யூரியாவை அள்ளிப் போடுவதால் அது தீராது.

கவாத்துக்குப் பயப்படுகிறவர்கள் நிறைய. "வளர்ந்த செடியை வெட்ட மனசு வரலை" என்பார்கள். வெட்டினால்தான் புதுக்கிளை, புதுக்கிளையில்தான் பூ. குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒண்ணரை அடி விட்டு வெட்டணும். முல்லையை ஜனவரி கடைசியில்.

இப்போது கடன் விஷயம். நட்டு ஆறு மாசத்தில் பூ தலைகாட்டும், ஆனால் மூன்றாம் வருஷம்தான் முழு மகசூல். கவாத்து முடிந்து மாசி, பங்குனி வரை கையில் காசு இருக்காது. சித்திரை, வைகாசியில் பூ குவியும், விலை இறங்கும். மார்கழி, தை பனியில் விலை ஏறும், செடியில் பூ இருக்காது. எல்லா மாசமும் ஒரே தவணை என்றால், மாட்டை விற்றுத்தான் மல்லிக் கடனைக் கட்டணும். எங்களில் இரண்டு பேர் அப்படித்தான் கட்டினார்கள்.

அதனால் நாங்கள் கேட்பது இதுதான். பூச்செடிக் கடனுக்கு முதல் ஆறு மாசம் வட்டி மட்டும் வாங்கணும். பிறகு அசலைப் பூக்கிற மாசங்களில் கூட்டியும் கவாத்து மாசங்களில் குறைத்தும் போடணும். கடன் வாங்குகிறவரும் நிலம் முழுக்க ஒரே பூ வைக்காமல், வரப்போரம் இரண்டு வரிசை காக்கடா வைக்கட்டும். உங்கள் குழுவில் பேசி, சம்மதம் என்றால் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.