சகோதரி சுப்பலட்சுமி: கைம்மை துடைத்த கல்வி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகத் தளராது தமிழ்ப்பணி ஆற்றிவரும் நம் வட்டம், இவ்விழாவில் ஏழை எளிய பிள்ளைகளுக்காக உழைத்த பள்ளி முதல்வர் ஒருவரைப் போற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தது. நான் தேர்ந்தது சகோதரி சுப்பலட்சுமி அவர்களை. கவிதை பாடியதற்காக அறியப்படாத ஒருவரைக் கவிஞர் அவையில் போற்றுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு.

தமிழிலக்கியம் கைம்மையை நன்கு அறியும். தொல்காப்பியர் காஞ்சித்திணையில் தாபத நிலைக்கு ஓரிடம் வகுத்தார். கைம்மை நோன்பினும் ஈமத்தீயே இனிதெனத் துணிந்த பெருங்கோப்பெண்டின் குரலும், அல்லியரிசி உண்டு நாள் கழிக்கும் மகளிர் துயரும் புறநானூற்றில் உள்ளன. ஆனால் அவர்களெல்லாம் கணவனோடு வாழ்ந்து, இழந்து, இழப்பின் பொருளை உணர்ந்த மகளிர். மணம் என்பது யாதென அறியுமுன்னரே வளையல் உடைக்கப்பட்ட சிறுமிக்கு எத்துறையை வகுப்பது?

அத்தகைய சிறுமியருள் ஒருவரே சுப்பலட்சுமி. 1886ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். பதினோரு வயதளவில் மணம், சின்னாட்களில் கைம்மை. தந்தையார் சுப்பிரமணிய ஐயர் பொறியாளர். தாயார் விசாலாட்சி. மகளைத் தலைமழித்து மூலையில் இருத்துக என்றது ஊர். பெற்றோர் பள்ளிக்கு அனுப்பினர். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார்.

பெற்ற பேற்றைத் தமக்கென வைத்துக்கொள்ளாமையே அவர் பெருமை. 1912இல் கைம்பெண் சிறுமியர்க்காகச் சாரதா இல்லம் கண்டார். தந்தையார் வீட்டில் விரல்விட்டு எண்ணத்தக்க பிள்ளைகளோடு பணி தொடங்கிற்று. தாமும் கணவரை இழந்திருந்த சித்தி வாலாம்பாள் இல்லப் பொறுப்பில் தோள்கொடுத்தார். பெண்கல்வி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் அயர்லாந்து அம்மையார் துணைநின்றார்.

எதிர்ப்பட்டாலே சகுனத்தடை என ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வீடு தேடுவதே பெரும்பாடு. பின்னர் இல்லத்துக்குப் புகலிடமானது திருவல்லிக்கேணிக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ். இன்றைய விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுப்பிய கட்டடம் அது. உறைந்துகிடந்த வாழ்வுகள் இளகுதற்கும் அதுவே இடமாயிற்று.

1922இல் லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் முதல்வர் ஆனார். கைம்பெண் எனப்பட்டவர் கற்பிக்கும் ஆசிரியை ஆவதற்கு வழி பிறந்தது. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ 1903இலேயே இச்சிக்கலை எழுப்பி, மறுமணத்தை விடையாகக் காட்டிற்று. சகோதரி காட்டிய விடை கல்வியும் சொந்த ஊதியமும். பிறர் ஆதரவின்றியும் நிற்கவல்லவளாக ஒருத்தியை ஆக்குவது அது.

ஆய்வு நோக்குடையோர் குறையொன்று கூறுவர். இல்லம் அந்தணக் குலத்துச் சிறுமியர்க்கே உரியதாய்த் தொடங்கிற்று என்பது உண்மை, மறைப்பதற்கில்லை. அக்குலத்தார் தம் மகளிரை அனுப்ப வேண்டுமெனில் அவர்தம் ஆசாரத்தை அன்று காக்க வேண்டியிருந்தது. எனினும் அவ்வெல்லையோடு அவர் நின்றுவிடவில்லை. கடற்கரையின் மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி கண்டார். குழந்தை மணத்திற்கு எதிராகவும் குரல் கொடுத்தார். அதனைத் தடுக்கும் சட்டம் 1929இல் நிறைவேறி, 1930இல் நடைமுறைக்கு வந்தது. 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையில் பணியாற்றினார், 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1969இல் மறைந்தார்.

கவிஞர் பெருமக்களே! அறுதலி, அமங்கலி என்ற வசைச்சொற்களும் நம் மொழியில் உள்ளவையே. அவற்றைச் சுமந்து வந்த சிறுமியை ‘மாணவி’ என்றழைத்தார் அவர். அகராதியில் ஒரு சொல்லும் சேர்க்காமல், சொல் குறிக்கும் வாழ்வையே மாற்றிய செயல் இது. தாமும் சகோதரி என்ற உறவுச் சொல்லிலேயே நிலைத்தார்.

வகுப்பறையில் ஆசிரியர் ஒரு பெயரை அழைக்க, பிள்ளை எழுந்து ‘உள்ளேன்’ என்கிறது. யாருமற்றதென ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு அச்சொல் எத்துணைப் பெரிது! முதல் தலைமுறையாய்ப் பள்ளிப்படி ஏறும் பிள்ளைகளுக்காக இன்றும் ஊர்தோறும் பெயரறியாத் தலைமையாசிரியர்கள் உழைக்கின்றனர். இடைநின்ற பிள்ளையைத் தேடி வீட்டுக்கே சென்று அழைத்து வருகின்றனர். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டம், ஆண்டுக்கு ஒருவரையேனும் இம்மேடைக்கு அழைத்துச் சிறப்பிக்க வேண்டும். அவர்தம் பள்ளி நூலகத்திற்கு நம் நூல்களை வழங்க வேண்டும். இரங்கிப் பாடுதல் நம் மரபு. பாடியதோடு நில்லாமல் பள்ளிக் கதவையும் சென்று தட்டுவோம்.