உண்டியலும் ஒற்றாடலும்

(பூவிருந்தவல்லிப் பொதுக்கூட்டப் பேச்சின் எழுத்து வடிவம்)



உண்டியல் நமக்குப் புதிதல்ல. ஆவடித் தொழிற்சாலை வாயிலிலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைத் தெருக்களிலும் உண்டியல் குலுக்கிப் பழகிய கைகள் நம் கைகள். உழைப்பாளி போட்ட ஒற்றை ரூபாய்க்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாட்டிலே வளர்ந்தவர்கள் நாம். ஆனால், அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. வளைகுடாவின் வெயிலிலே வெந்து உழைக்கும் தமிழன் அங்கே ஒருவரிடம் பணத்தை ஒப்படைப்பான். இங்கே முன்பின் அறியாத ஒருவர் அவன் வீட்டு வாயிலுக்கு வந்து எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். வங்கி இல்லை, சீட்டு இல்லை, வாய்ச்சொல்லே ஆதாரம். அதற்கும் உண்டியல் என்றுதான் பெயர். ஹவாலா என்று ஏடுகள் எழுதுகின்றன. சட்டம் அதை ஏற்கவில்லை. எனினும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தங்கையின் திருமணச் செலவும் அந்த வழியே வருகிறது. வெடிகுண்டு வைப்பவனின் பணமும் அதே வழியே வரக்கூடும்!

ஆகவேதான் உலக நாடுகள் ஒன்றையொன்று கலந்து, பணம் போகும் தடத்தை உளவறிகின்றன. அந்த முயற்சியை நாம் வரவேற்பதா, வெறுப்பதா? 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்குவோர் உண்டு. 'ஆளவந்தாரின் சூழ்ச்சி' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோரும் நம்மிடையே உண்டு. இருசாராருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: தடத்தைத் தொடரட்டும், துணை நிற்போம், துப்பையே தீர்ப்பாக்க முனைந்தால், குறுக்கே நிற்போம்!

2008 நவம்பர் 26. மும்பை மாநகரிலே 166 உயிர்களைக் குடித்த கொடுமை தொடங்கிய நாள். கொலைகாரர்களை ஏவியோர் எல்லைக்கு அப்பாலிருந்து இணையவழித் தொலைபேசியிலே கட்டளையிட்டனர். அந்தத் தொலைபேசிக் கணக்குக்குப் பணம் எங்கிருந்து போயிற்று? இத்தாலி நாட்டு பிரேசியா நகரத்திலே, பணம் அனுப்பும் கடை ஒன்றிலிருந்து! எவ்வளவு? 229 டாலர்! தாக்குதலுக்கு முதல் நாள்! இந்தியாவும் அமெரிக்காவும் தந்த தகவலைப் பற்றிக்கொண்டு, இத்தாலியக் காவலர் 2009 நவம்பரில் இருவரைக் கைது செய்தனர். மூன்று நாடுகளும் தனித்தனியே நின்றிருந்தால் அந்தச் சிறுதொகை யார் கண்ணிலே பட்டிருக்கும்?

அதே வழக்கிலே இன்னொன்றையும் பாருங்கள். அந்தக் கடையின் ஏட்டிலே, பணம் அனுப்பியவர் என்று பதிவான பெயர், இத்தாலி மண்ணையே மிதித்தறியாத வேறொருவருடையது என்று அந்நாட்டுக் காவலரே கூறினர். பெயரைக் கண்டதும் விலங்கை எடுத்திருந்தால், குற்றமற்றவன் கையிலே அல்லவா அது விழுந்திருக்கும்!

ஒற்றாடல் என்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஒற்றர் வேண்டாம் என்று கூறவில்லை. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்த பின்னரே ஏற்கச் சொன்னார். இன்றைய உலக ஏற்பாடும் ஏட்டளவிலே அத்தகையதுதான். 1989இல் பாரிஸில் அமைந்தது நிதி நடவடிக்கைப் பணிக்குழு. நாடுகளுக்கு விதி வகுப்பது அது. 1995இல் தோன்றியது எக்மான்ட் குழு. நாடுகளின் நிதி உளவுப் பிரிவுகள் செய்தி பரிமாறும் களம் அது. 2004இல் இந்தியா தனக்கென ஒரு பிரிவை அமைத்து, 2007இல் எக்மான்ட் குழுவிலும், 2010இல் பணிக்குழுவிலும் உறுப்பினராயிற்று. ஐயத்துக்குரிய கணக்கைப் பற்றி வங்கி எழுதும், பிரிவு ஆராயும், அயல்நாட்டுப் பிரிவு கேட்டால் தகவல் தரும். தந்த நாட்டின் இசைவின்றி அந்தத் தகவலை வேறு பயனுக்கு எடுத்தாளலாகாது என்பது எக்மான்ட் குழுவின் நெறி. ஏனெனில் அது துப்பு; சான்றாக உயர, இன்னும் சோதனை வேண்டும்.

தோழர்களே! கசப்பான ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஈழத்துக்காக உள்ளம் உருகி, விரும்பிக் கொடுத்த தமிழர் பல்லாயிரவர். ஆனால் விருப்பமின்றிக் கொடுத்தவர்களும் இருந்தனர். கனடாவிலே தமிழ்க் குடும்பங்களிடம் 2,500 முதல் 5,000 கனடிய டாலர் வரை விடுதலைப் புலிகளுக்காகக் கேட்கப்பட்டதையும், தயங்கியோர் மிரட்டப்பட்டதையும் 2006 மார்ச்சிலே மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை விரித்துரைத்தது. பனியிலே தட்டுக் கழுவிச் சேர்த்த பணமல்லவா அது! அச்சுறுத்திப் பறிப்பவன் எந்தக் கொடியைப் பிடித்தாலும், முதலிலே இழப்பவன் ஏழை. ஆகையால் தடம் பார்க்கும் பணி ஏழைக்கும் காவல்.

காவலே கன்னக்கோலானால்? சோமாலியரின் கதையைக் கேளுங்கள். அல் பரக்காத் என்ற பணமாற்று நிறுவனம் வழியாகத்தான் எண்ணற்ற சோமாலியக் குடும்பங்களுக்குக் கஞ்சிக்குப் பணம் போயிற்று. 2001 நவம்பர் 7இல் அமெரிக்கா அதை முடக்கியது. பின்னர், 2001 செப்டம்பர் தாக்குதலை ஆராய்ந்த அமெரிக்க ஆணையத்தின் பணியாளர்களே, பயங்கரவாதத் தொடர்பை நிறுவும் சான்று கிட்டவில்லை என்று எழுதினர். 2008 செப்டம்பரிலே ஐரோப்பிய நீதிமன்றமும், காரணம் கூறாமல், மறுமொழி கேளாமல் சொத்தை முடக்கியது செல்லாது என்றது. தீர்ப்பு வந்தது, பசித்த வயிற்றின் ஆண்டுகள் திரும்பி வந்தனவா?

அயலூர்ச் சான்றோடு ஏன் நிறுத்த வேண்டும்? இதே பூவிருந்தவல்லியிலே, தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28இல், இராஜீவ் காந்தி கொலை வழக்கிலே 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பளித்தது. அது பண வழக்கல்ல. ஆயினும் பாடம் ஒன்றுதான். 1999 மே 11இல் உச்சநீதிமன்றம், 19 பேர் மீதான கொலைக் குற்றச்சாட்டு நிற்காது என்றது! மேலே ஒரு மன்றம் இருந்து, அது சான்றுகளைப் புரட்டிப் பார்த்ததால் 19 கழுத்துகள் தப்பின. பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் ஏற்ற பாண்டியனின் அவையிலே கோவலனுக்கு அந்த வாய்ப்பு இல்லை!

இன்றும் இவ்வூர்ச் சிறப்பு நீதிமன்றத்திலே தேசியப் புலனாய்வு முகமையின் வழக்குகள் நடைபெறுகின்றன. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமோ, 2008 திருத்தத்தால் பிணையை அரிதாக்கியது. 2012இல் நிதிக் குற்றத்தை விரித்தது. 2019இல், தீர்ப்பு வருமுன்பே தனிமனிதரைப் பயங்கரவாதி என்று அரசு அறிவிக்க வழி திறந்தது. 'உலக நிறுவனங்கள் கேட்கின்றன' என்பார்கள். அதே பணிக்குழு, 2024 செப்டம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டிலே, இந்தியாவில் இவ்வகை வழக்குகள் முடியத் தாமதமாவதைச் சுட்டிக்காட்டியது. தொண்டு அமைப்புகள் மீதான நடவடிக்கை ஆபத்தின் அளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. விதியிலே பாதியை மட்டும் படிப்பது எந்த நீதி?

நமது கோரிக்கை தெளிவானது. முடக்கப்பட்டவனுக்குக் காரணம் கூறப்பட வேண்டும். வழக்கு விரைந்து, திறந்த மன்றத்திலே நடக்க வேண்டும். உழைப்பாளி ஊருக்குப் பணம் அனுப்ப, கட்டணம் குறைந்த, சட்டத்துக்கு உட்பட்ட வழி வேண்டும்.

நமது கடமையும் தெளிவானது. எந்த இலட்சியத்தின் பெயரால் எவர் வந்து கேட்டாலும், பெயரைக் கேளுங்கள், இரசீதைக் கேளுங்கள், கணக்கைக் கேளுங்கள். நம் தோழரே ஆயினும் கேளுங்கள்! அரசிடம் சான்று கேட்கும் உரிமை, தன் உண்டியலைத் திறந்து காட்டத் தயங்காதவனுக்கே உண்டு.