அரசாங்கச் சட்டங்களும் கொழும்பு நகரமும்

நகரங்கள் தாமாகவே வளர்கின்றன என்று எண்ணுவோர் பலர். கடலும் கடைத்தெருவும் அமைந்துவிட்டால் மக்கள் வந்து சேர்வர், வீடுகள் பெருகும் என்பது அவர்கள் கருத்து. கொழும்பின் வரலாறு வேறோர் உண்மையைக் காட்டுகின்றது. கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பம் எந்த உரிமையோடு குடியிருக்கின்றது, வெள்ளவத்தையில் ஒரு கட்டிடம் எத்தனை மாடி உயர்கின்றது என்பவற்றிலுங்கூட அரசாங்கம் இயற்றும் சட்டத்தின் கை படிந்திருக்கின்றது.

இதற்கு முதற் சான்று துறைமுகமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பெருங்கப்பல்கள் நாடிய துறை காலியே. கொழும்போ தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளுக்கு இலக்கான திறந்த கடலாயிருந்தது. ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில் கொழும்பிலே அலைதடுப்பு அணை கட்டும் வேலை தொடங்கியது. 1875ஆம் ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அதற்கு முதற் கல்லை நாட்டினார். 1885இல் தென்மேற்கு அணை நிறைவெய்தியது. கப்பல்கள் கொழும்பை நாடின. காலியின் வாணிகம் தளர்ந்தது. அணித்தேயுள்ள கொட்டாஞ்சேனையிலே பண்டகசாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் மலிந்தன. அங்கு வாழ்ந்த செல்வர்கள் தெற்கே கறுவாத்தோட்டத்துக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் பெயர்ந்தனர். பெரிய வளவுகள் இருந்த இடத்தில் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான வரிசை வீடுகள் தோன்றின. ஓர் அணை கப்பலின் வழியை மட்டுமன்றி, மனிதர் வாழும் இடத்தையும் மாற்றிவிட்டது.

இரண்டாவது சான்று வாடகை பற்றியது. உலகப் போர் நடந்த 1942இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்போரின் காப்பை மேலும் உறுதி செய்தது. கூலித் தொழிலாளியை நினைத்தபடி தெருவில் இறக்கிவிட இயலாதவாறு இச்சட்டங்கள் காத்தன; அந்நன்மை சிறிதன்று. ஆயினும், கிடைக்கும் வாடகை கூரையைச் செப்பனிடவும் போதாதெனக் கண்ட உரிமையாளர் பலர் பழுதுபார்ப்பதையே கைவிட்டனர். குடியிருந்தோர்க்கு இடம் நிலைத்தது, கூரை ஒழுகியது.

1973ஆம் ஆண்டு இரண்டு சட்டங்கள் பிறந்தன. வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகைக்கு எல்லை வகுத்தது. எல்லைக்கு மேற்பட்ட வீடுகளை அவற்றிற் குடியிருந்தோரே வாங்க வழி பிறந்தது. வாடகைக் குடிகள் பலர் உரிமையாளராயினர். அதே வேளை, வாடகைக்கென வீடு கட்டுவோரின் ஊக்கம் குன்றியது. மற்றையது தொடர்மாடி உடைமைச் சட்டமாகும். நிலம் எவருடையதோ அதன் மேல் எழுந்த கட்டிடமும் அவருடையதே என்பது பழைய சட்டநெறி. புதிய சட்டமோ நான்காம் மாடியிலுள்ள ஒரு வீட்டுக்கும் தனி உறுதி எழுதத்தக்க நிலையை உண்டாக்கியது.

அதன் முழுப் பயனை வெள்ளவத்தையிலே காணலாம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் கட்டிடப் பொருள்களின் இறக்குமதி எளிதாயிற்று. 1983 ஜூலை வன்செயலில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன; பலர் கடல் கடந்தனர். பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் போர் மூண்டபோது இடம்பெயர்ந்தோர் வெள்ளவத்தையை நாடி வந்தனர். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பணம் தொடர்மாடிகளாக எழுந்தது. மாமரத்தோடு ஒரு வீடு நின்ற காணியிலே பல குடும்பங்கள் அடுக்கடுக்காய் வாழலாயின. தனி வீடுகளுக்கென அமைந்த ஒழுங்கைகளும் வடிகால்களும் அச்சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று. காலி வீதியின் நகைக்கடைகளும் புடவைக்கடைகளும் இக்குடிப்பெருக்கத்தால் தழைத்தவை.

வீட்டை எழுப்பவல்ல அரசின் கை, குடியிருப்போரை எழுப்பவும் வல்லது. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றி நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்துக் கட்டளையிட்டது. நகரத்தில் வாழும் உரிமை ஆணையொன்றினால் பறிபோகவுங்கூடும், சட்டத்தினால் மீளவுங்கூடும் என்பதற்கு அவ்விரு நாட்களும் சான்றாகும்.

ஏழை மக்களின் குடியிருப்பைத் திருத்துவதிலும் இருவேறு கொள்கைகள் தோன்றின. 1984இல் பிரேமதாசா தொடக்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், சிறு கடனும் வழிகாட்டலும் அளித்து, மக்கள் இருந்த இடத்திலேயே தம் வீட்டைத் தாமே திருத்திக்கொள்ள உதவியது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தபின், தோட்டங்களை அகற்றி அங்குள்ளோரை உயர்மாடிகளில் குடியேற்றும் திட்டம் முன்வந்தது. 2015இல் அச்சபை அவ்வமைச்சினின்று விலகியபோதிலும் உயர்மாடிகள் எழுவது நிற்கவில்லை. குழாய்நீரும் தனிக் கழிப்பறையும் பெற்றமை நன்மையே. ஆனால், வீட்டு வாசலில் இடியப்பம் விற்றுப் பிழைத்த பெண்ணுக்குப் பத்தாம் மாடியிலே வாசல் ஏது? துறைமுகத்துக்கு நடந்தே சென்ற தொழிலாளிக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு சுமையன்றோ?

கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. வடிகால் அடைபட்டால் மக்கள் அதன் வாயிலில் நிற்கின்றனர், அது முறையே. ஆனால் வாடகை, காணி, குடியகற்றல் ஆகியன தலைமை அரசின் சட்டங்களுக்கு உட்பட்டவை. நகரத் திட்டமிடலின் பெரும் அதிகாரம் 1978 முதல் நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் இருக்கின்றது. ஆதலின், சட்டமூலம் வர்த்தமானியில் வெளிவரும்போதும், நகரத் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போதும் அதனைப் படித்தறிதல் வேண்டும். இதனால் இருப்பவர் யார், போகின்றவர் யார், செலவைச் சுமப்பவர் யார் என்னும் மூன்று வினாக்களை அப்பொழுதே எழுப்புதல் நன்று. கட்டிடம் எழுந்தபின் கேட்கும் வினாவுக்கு விடை கிடைப்பது அரிது.